புட்டியில் பூசிய வண்ணம் உரிந்தால் குற்றம் வண்ணத்துடையதா?

3 பிப்ரவரி 2024 – வாசகர் ஒருவரின் கேள்வி

விடுமுறையில் என் மகளும் நானும் ஆறு கண்ணாடிப் புட்டிகளுக்கு அக்ரிலிக் வண்ணம் பூசி, அதன்மேல் பூக்கள் வரைந்து அலமாரியில் வைத்தோம். பத்தே நாளில் ஒன்றின் கழுத்தில் நகம் பட்டது. பாம்பு சட்டை உரிப்பது போல வண்ணம் முழுவதும் ஒரே தோலாகக் கழன்று வந்துவிட்டது. மகள் அழுதாள். எளிய கைவினை என்று சொல்லப்படுவதெல்லாம் விலை உயர்ந்த வண்ணம் வாங்குவோருக்குத்தான் எளியது என்பது என் முடிவு. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

4 பிப்ரவரி 2024

மறுக்கிறேன். நீங்கள் என்ன விலைக்கு வண்ணம் வாங்கினீர்கள் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் 'ஒரே தோலாக' என்று நீங்கள் எழுதியிருப்பதே வண்ணத்துக்கு ஆதரவான சாட்சி. பிசின் குறைந்த வண்ணம் தூளாக உதிரும், பொருக்குப் பொருக்காக விழும். தோலாக வந்திருக்கிறது என்றால் நிறத்தூளைப் பிடித்து வைக்க வேண்டிய பிசின் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. அது கண்ணாடியைத்தான் பிடிக்கவில்லை.

அக்ரிலிக் வண்ணம் என்பது நீரில் மிதக்கும் மிக நுண்ணிய பிளாஸ்டிக் துளிகளும் நிறத்தூளும் சேர்ந்த கலவை. நீர் ஆவியாக ஆகத் துளிகள் நெருங்கி, ஒன்றோடொன்று இணைந்து படலமாகின்றன. காகிதத்திலும் மரத்திலும் துணியிலும் அந்தப் படலம் நுண்துளைகளுக்குள் இறங்கிக் கால் ஊன்றிக்கொள்ளும். கண்ணாடியில் கால் ஊன்ற இடமே இல்லை. போதாததற்கு விரல்களின் எண்ணெய்ப் பிசுக்கும், சோப்பின் மிச்சமும், லேபிளை ஒட்டியிருந்த பசையும் இடையில் நின்றுகொள்கின்றன.

ஆகவே புட்டியை முதலில் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்து, பிறகு பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து வெளிப்புறம் முழுவதையும் துடைத்து, அதன் பின் வண்ணம் பூசும் இடத்தை விரலால் தொடாமல் கழுத்தையோ உட்புறத்தையோ பிடித்து வேலை செய்யுங்கள். பூச்சு மெல்லியதாக இருக்க வேண்டும். ஒரே தடிப்பான பூச்சைவிட மூன்று மெல்லிய பூச்சுகள் நிற்கும். மூன்று நாள் காயவிட்டு, வெள்ளைப் பசையில் சிறிது நீர் கலந்து மேலே ஒரு பூச்சுக் கொடுத்தால் போதும்.

5 பிப்ரவரி 2024

நேற்று விடுபட்டது. வண்ணம் பூசிய புட்டிக்குள் விளக்கு வைக்க நினைப்பவர்கள் மின்கலத்தில் எரியும் சிறு விளக்கையே வைக்க வேண்டும். காய்ந்த அக்ரிலிக் ஒரு பிளாஸ்டிக்; சுடருக்கு அருகே அது இளகும், தீயும் பிடிக்கும். குடிக்கும் குவளையாக இருந்தால் உதடு படும் விளிம்பிலிருந்து குறைந்தது 2 செ.மீ. இடைவெளி விட்டே வண்ணம் தொடங்க வேண்டும். 'நச்சற்றது' என்று லேபிளில் அச்சிட்டிருப்பது அந்த வண்ணத்தைப் பயன்படுத்துவதைப் பற்றிய சொல். வாயில் படலாம் என்பதற்கான உத்தரவாதமாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

7 பிப்ரவரி 2024

கேட்டவர் என் பதிலில் நிறைவடையவில்லை. "நீங்கள் நல்ல வண்ணம் வைத்துக்கொண்டு சொல்கிறீர்கள்" என்று எழுதியிருக்கிறார். நியாயமான ஐயம், ஒரே வண்ணத்தை வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. எனவே இன்று மாலை என் பிள்ளைகள் இருவரையும் உட்காரவைத்து எட்டுப் புட்டிகளை எடுத்தோம். இரண்டு கழுவாதவை, இரண்டு சோப்பில் மட்டும் கழுவியவை, இரண்டு சோப்புக்குப் பின் ஸ்பிரிட்டால் துடைத்தவை, இரண்டு ஸ்பிரிட்டால் துடைத்து, கண்ணாடிக்கென்றே விற்கப்படும் பிரைமரை அடிப்பூச்சாகக் கொடுத்தவை. ஒவ்வொரு இணையிலும் ஒன்றுக்கு ஓவியர்கள் வாங்கும் வண்ணம், மற்றதற்குச் சிறுவர்களுக்கான பெட்டியில் வரும் மலிவான அக்ரிலிக். எல்லாம் ஒரே நீலம்.

எது ஒட்டியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்வது ஏமாற்றும். பூச்சுத் தொழிலில் இதற்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது: காய்ந்த படலத்தில் கத்தி முனையால் நெடுக்காக ஆறு கோடுகளும் குறுக்காக ஆறு கோடுகளும் கீறினால் 25 சிறு கட்டங்கள் கிடைக்கும். அதன்மேல் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுத்து, எத்தனை கட்டங்கள் நாடாவோடு வந்தன என்று எண்ண வேண்டும். கீறுவது பெரியவர் வேலை, எண்ணுவது பிள்ளைகள் வேலை. ஒரு வாரம் கழித்து முதல் எண்ணிக்கையைப் பதிகிறேன்.

இப்போதே சொல்லத் தகுந்த ஒரு வேறுபாடு உண்டு. மலிவான நீலம் கண்ணாடியை மறைக்க மூன்று பூச்சு கேட்டது; மற்றது இரண்டில் மறைத்துவிட்டது. விலையில் பெரும்பகுதி நிறத்தூளின் அளவுக்குத்தான் போகிறது.

9 பிப்ரவரி 2024

சுடுமண் பூந்தொட்டியைப் பற்றி வேறொருவர் கேட்டிருக்கிறார்: நுண்துளைகள் நிறைந்த பரப்புதானே, அதில் ஏன் வண்ணம் கொப்புளித்து உதிர்கிறது? இங்கே சிக்கல் தலைகீழானது. வண்ணம் நன்றாகவே கால் ஊன்றுகிறது. ஆனால் உள்ளே ஊற்றும் நீர் தொட்டியின் சுவர் வழியாக வெளிப்பக்கம் வந்து ஆவியாகப் பார்க்கிறது, அக்ரிலிக் படலம் அதன் வழியை மறிக்கிறது. நீர் தன்னோடு மண்ணின் உப்புகளையும் உரத்தின் உப்புகளையும் கரைத்துக் கொண்டுவருகிறது. வண்ணம் பூசாத தொட்டியில் அவை வெண்மையாகப் பூத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வண்ணம் பூசிய தொட்டியில் அதே உப்பு படலத்துக்கு அடியில் பூத்து, அதை உள்ளிருந்து தள்ளுகிறது.

உட்புறம் முழுவதும் நீர்காப்புப் பூச்சுக் கொடுத்துவிட்டு வெளியே வண்ணம் பூசுவது ஒரு வழி. அடித்துளையை அடைத்துவிடக் கூடாது. ஆனால் எனக்குப் பிடித்தது அதைவிட எளியது: செடியை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, அந்தத் தொட்டியை வண்ணத் தொட்டிக்குள் இறக்கிவிடுவேன். நீர் சுவரைத் தொடுவதே இல்லை. என் பெரியவள் நான்கு ஆண்டுகளுக்கு முன் கட்டங்கட்டமாகப் பூசிய தொட்டி இன்றும் அப்படியே இருக்கிறது. பழைய தொட்டிக்கு வண்ணம் பூசுபவர்கள் அதைக் கழுவிய பின் ஒரு நாள் வெயிலில் வைத்தால் போதும் என்று எண்ண வேண்டாம். தடித்த சுவரின் நடுவே இருக்கும் ஈரம் வெளியேறப் பல நாள் ஆகும்.

14 பிப்ரவரி 2024

முதல் எண்ணிக்கை. 25 கட்டங்களில் நாடாவோடு வந்தவை: கழுவாத புட்டிகள் இரண்டிலும் 25. சோப்பில் மட்டும் கழுவியவற்றில் விலை கூடிய வண்ணம் 19, மலிவு 21. ஸ்பிரிட்டால் துடைத்தவற்றில் முறையே 9, 8. பிரைமர் பூசியவற்றில் 1, 0.

கேட்டவருக்கு: ஒவ்வொரு இணைக்குள்ளும் இருக்கும் வேறுபாட்டையும், இணைக்கும் இணைக்கும் இடையே இருக்கும் வேறுபாட்டையும் பாருங்கள்.

இனி என் திருத்தம். 4ஆம் தேதி எழுதிய இரண்டு செய்திகள் தவறானவை. முதலாவது, மூன்று நாள் என்று எழுதினேன். தொட்டால் ஒட்டாத நிலை அரை மணி நேரத்தில் வந்துவிடும். மூன்று நாளில் மேற்பரப்பு உறுதியாகவும் தோன்றும். ஆனால் படலம் முழுவதும் இறுகக் குறைந்தது மூன்று வாரம் ஆகும், குளிரிலும் ஈரக் காற்றிலும் இன்னும் நீளும். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பூசினால் துளிகள் சரியாக இணையாமல் படலமே பலவீனமாகிவிடும்.

இரண்டாவது, வெள்ளைப் பசை. சோதனைக்கு வெளியே நான் ஒரு ஜாடிக்கு அந்தப் பசையை மேற்பூச்சாகக் கொடுத்திருந்தேன். சின்னவன் நேற்று அதை ஈரத்துணியால் துடைத்தான். துடைத்த இடம் பால் போல வெளுத்து, பிசுபிசுத்தது. வெள்ளைப் பசை காய்ந்த பின்னும் நீர் பட்டால் இளகும் என்பதை அறிந்திருந்தும் கைப்பழக்கத்தில் எழுதிவிட்டேன். ஈரமே படாத காகிதப் பெட்டிக்கோ படச் சட்டத்துக்கோ அது போதும். துடைக்கப்படும் எதற்கும் நீரை அடிப்படையாகக் கொண்ட அக்ரிலிக் வார்னிஷைத்தான் பூச வேண்டும். என் சொல்லைக் கேட்டு யாராவது பசை பூசியிருந்தால் மன்னியுங்கள். வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துப் பொறுமையாகத் துடைத்தால் பசை பெரும்பாலும் போய்விடும், அடியில் இருக்கும் அக்ரிலிக் முழுவதும் இறுகியிருந்தால் தாங்கும். ஸ்பிரிட்டால் மட்டும் துடைத்துவிடாதீர்கள். அது காய்ந்த அக்ரிலிக்கையே கரைக்கும்.

15 பிப்ரவரி 2024

நேற்று எண்ணி முடித்த பின் பெட்டியில் இருந்த மற்ற நிறங்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் தட்டு முழுவதும் சேற்று நிறம். குழந்தைகளோடு வண்ணம் பூசும் எல்லா வீடுகளிலும் இது நடக்கிறது, பெரும்பாலும் குழந்தையின் அவசரத்தைக் காரணமாகச் சொல்கிறோம். காரணம் பெட்டியில் இருக்கிறது.

சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்று கற்பிக்கிறோம். பெட்டியில் இருக்கும் சிவப்பு பெரும்பாலும் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது, அதாவது அதற்குள் மஞ்சள் இருக்கிறது. நீலம் பச்சைப் பக்கம் சாய்ந்திருந்தால் அதற்குள்ளும் மஞ்சள் இருக்கிறது. சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றும் சேர்ந்தால் பழுப்பு வரும். குழந்தை சொன்னபடியே செய்தும் ஊதா வராமல் பழுப்பு வருவது இதனால்தான். மெஜந்தாவையும் ஊதாப் பக்கம் சாய்ந்த அல்ட்ராமரீன் நீலத்தையும் கொடுத்துப் பாருங்கள், துலக்கமான ஊதா கிடைக்கும். பளிச்சென்ற பச்சைக்கு அதே முறையில் எலுமிச்சை மஞ்சளும் பச்சைப் பக்கம் சாய்ந்த நீலமும் வேண்டும்.

நான் இப்போது பன்னிரண்டு குழாய்களையும் மேசையில் வைப்பதில்லை. ஒரு நாளைக்கு இரண்டு நிறங்கள், கூடவே வெள்ளை. அந்த மூன்றிலிருந்து எத்தனை நிறங்கள் வருகின்றன என்று ஒரு அட்டையில் புள்ளி வைத்துப் பதியச் சொல்வேன். ஒரு நாள் சின்னவன் மெஜந்தாவிலிருந்தும் மஞ்சளிலிருந்தும் 17 நிறங்கள் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அவனே பெயர் வைத்தான். மஞ்சளோடு நீலத்தைக் கலக்கும்போது நீலத்தைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். நீலத்தில் மஞ்சளைச் சேர்க்கத் தொடங்கினால் குழாய் தீர்ந்த பிறகும் பச்சை வெளுக்காது.

இன்னொரு குறிப்பு. ஈரமாக இருக்கும்போது அக்ரிலிக் பிசின் பால் வெள்ளையாக இருக்கும், காய்ந்ததும் தெளிந்துவிடும். அதனால் எந்த நிறமும் காய்ந்த பின் ஒரு படி கருக்கும். நேற்றுப் பாதியில் விட்ட சுவர் ஓவியத்துக்கு இன்று புதிதாக நிறம் கலந்து ஈரத்தில் ஒப்பிட்டால் பொருந்தவே பொருந்தாது. பெரிய பரப்புக்குத் தேவையான நிறத்தை ஒரே தடவையில் கலந்து, மூடி இறுக்கிய டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள்.

19 பிப்ரவரி 2024

ஒரு விபத்து, மற்றவர்களுக்கு நேராதிருக்கட்டும் என்று எழுதுகிறேன். பெரியவள் வண்ணம் பூசிய இரண்டு மரச் சட்டங்களை, காய்ந்து ஐந்து நாள் ஆன பின், முகத்துக்கு முகம் வைத்து அடுக்கியிருந்தேன். இன்று பிரித்தபோது ஒன்றின் மஞ்சள் மற்றதோடு பெயர்ந்து வந்துவிட்டது. அக்ரிலிக் சூட்டில் இளகும் பிளாஸ்டிக். வெப்பமும் எடையும் சேர்ந்தால் காய்ந்த படலமும் படலமும் ஒட்டிக்கொள்ளும். அடுக்கித்தான் ஆக வேண்டுமென்றால் அடுப்புத் தட்டில் விரிக்கும் ஒட்டாத காகிதத்தை இடையில் வையுங்கள். செய்தித்தாள் வைத்தால் எழுத்துகளும் சேர்ந்து ஒட்டும். அவள் அந்த மஞ்சளைத் திரும்பப் பூச மறுத்துவிட்டாள், பெயர்ந்த இடத்தின் வடிவம் அவளுக்குப் பிடித்திருக்கிறதாம்.

23 பிப்ரவரி 2024

காகிதக் கூழ், அட்டை வேலைகள் பற்றிய கேள்விகளுக்கு ஒன்றாக.

அட்டை வளைவதற்குக் காரணம், ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்த நார்கள் விரிந்து, பிறகு காயும்போது சுருங்குவதுதான். பின்பக்கமும் அதே அளவு பூச்சுக் கொடுத்துவிடுங்கள், இழுவை இரு பக்கமும் சமமாகிவிடும்.

பலூன் மேல் காகிதம் ஒட்டிக் கிண்ணம் செய்பவர்கள் அதை வெயிலில் வைக்காதீர்கள். சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிகிறது, நிழலுக்கு வந்ததும் சுருங்குகிறது, பாதி காய்ந்த ஓடு அதோடு சேர்ந்து உள்ளே குழிகிறது. எங்கள் வீட்டில் இரண்டு பூமி உருண்டைகள் இப்படிப் போயின. இப்போது பலூனுக்குப் பதிலாக, மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றிய ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் ஒட்டுகிறோம். காகிதத்தைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரம் மெலிந்திருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று படியும். ஒரு நாளைக்கு இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம், உள்ளே ஈரம் நின்றால் மாவுப் பசையில் பூஞ்சணம் பிடிக்கும்.

28 பிப்ரவரி 2024

மூன்று வாரம் முடிந்தது. புட்டிகளின் மறுபக்கத்தில் கீறினோம். கழுவாதவை: 25, 25. சோப்பு மட்டும்: 14, 17. ஸ்பிரிட்: 6, 2. பிரைமர்: 0, 0.

ஸ்பிரிட் புட்டிகளில் விலை கூடிய வண்ணம் தோற்று, மலிவானது வென்றிருப்பதைப் பெரியவள்தான் முதலில் கவனித்தாள். எனக்கும் வியப்பாக இருந்தது. புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது புரிந்தது: அந்தப் பக்கம் சின்னவன் பூசியது, குழாயிலிருந்து நேராகத் தடிப்பாக. தடித்த படலம் காயும்போது சுருங்கும் விசையும் கூடுதல், நாடா இழுக்கும்போது அது ஒரே துண்டாக எழும்பவும் செய்யும். ஆகவே இந்த ஒரு எண்ணை வண்ணத்தின் கணக்கில் எழுதக் கூடாது. மலிவான வண்ணம் கண்ணாடியில் உயர்ந்தது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். நான் மறுப்பது உங்கள் முதல் கூற்றை மட்டுமே.

2 மார்ச் 2024

இரண்டு எச்சரிக்கைகள். இரண்டிலும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பழைய நாற்காலியைப் பிள்ளைகளோடு உப்புத்தாளால் தேய்த்துப் புதுவண்ணம் பூசப் போவதாக ஒருவர் எழுதியிருக்கிறார். நாற்காலியின் வயது தெரியாவிட்டால் தேய்க்காதீர்கள். பழைய எண்ணெய் வண்ணங்களில் ஈயம் கலப்பது வழக்கமாக இருந்தது. அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கான ஈய வண்ணங்கள் தடை செய்யப்பட்டதே 1978-இல்தான், பல நாடுகளில் அதற்கும் வெகு காலம் கழித்து. தேய்க்கும்போது எழும் தூசு மூச்சோடும் விரல்களோடும் உள்ளே போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும், அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. ஐயம் இருந்தால் அந்த நாற்காலியை விட்டுவிட்டுப் புதுப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றது, குழந்தையின் கையை அச்செடுப்பது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் நீரோடு சேர்ந்து இறுகும்போது சூடாகும். தடிமனாக இருந்தால் தோல் வெந்துவிடும் அளவுக்குச் சூடேறும், இறுகிவிட்டால் கையை வெளியே எடுக்கவும் முடியாது. அதற்குள் கையை விடச் சொல்லவே சொல்லாதீர்கள். கையை மென்மையான களிமண்ணில் அழுத்தி எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் பிளாஸ்டரை ஊற்றினால் அதே அச்சுக் கிடைக்கும். மிச்சக் கலவையைக் கழுவுதொட்டியில் கொட்டினால் குழாய்க்குள் கல்லாகிவிடும். காகிதத்தில் கொட்டி, இறுகிய பின் குப்பையில் போடுங்கள்.

20 மார்ச் 2024

ஆறு வாரம். இன்று எட்டுப் புட்டிகளையும் ஒரு மணி நேரம் நீரில் அமிழ்த்தி வைத்தோம். கழுவாத இரண்டிலும், சோப்பில் கழுவிய இரண்டிலும் வண்ணம் தானாகச் சுருண்டு எழுந்தது. ஸ்பிரிட்டால் துடைத்தவற்றில் கீறிய ஓரங்கள் இளகின; காய்ந்ததும் திரும்பப் படிந்துகொண்டன. பிரைமர் பூசியவை நகத்துக்கும் அசையவில்லை. ஆகவே அலமாரியில் இருக்கப்போகும் புட்டிக்கு ஸ்பிரிட்டும் மூன்று வாரப் பொறுமையும் போதும். நீரில் கழுவப்படும் பொருளுக்குப் பிரைமர் வேண்டும், அப்போதும் ஊறவைக்கக் கூடாது.

கேட்டவர் நேற்று எழுதியிருக்கிறார். மற்ற ஐந்து புட்டிகளையும் உரித்து, துடைத்து, மகளோடு மறுபடி தொடங்கிவிட்டார். முதலில் கழன்று வந்த அந்தத் தோலை மகள் எறிய விடவில்லையாம், ஒரு புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாளாம். அதை என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

அதை எறியாதது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. கண்ணாடியில் வேண்டுமென்றே வண்ணம் பூசி, தோலாக உரித்து, வெட்டி ஒட்டும் ஓவியர்கள் இருக்கிறார்கள். முதலில் தோலைப் புத்தகத்திலிருந்து எடுங்கள், பக்கத்தோடு ஒட்டிக்கொள்வதற்கு முன். ஒட்டாத காகிதத்தின்மேல் விரித்து, பூக்களைக் கூரிய கத்தரியால் வெட்டுங்கள். தடித்த அட்டையில் வெள்ளை அக்ரிலிக்கை மெல்லியதாகப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே பூவை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் நீவிக் காற்றை வெளியேற்றுங்கள். அந்த வெள்ளையே பசையாகிவிடும். அட்டையின் பின்பக்கமும் ஒரு பூச்சு, 23ஆம் தேதி சொன்ன காரணத்துக்காக. மேலே எடை எதுவும் வைக்காமல் ஒரு நாள் விடுங்கள்.

எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்பதை மகளே முடிவு செய்யட்டும். கண்ணாடியைத் தொட்டிருந்த பக்கம் கண்ணாடியைப் போலவே பளபளவென்று இருக்கும், அதில் முதலில் பூசிய நிறம்தான் தெரியும். மறுபக்கத்தில் அவள் தூரிகையின் தடங்கள் இருக்கும்.